படுக்கையிலிருந்து படுக்கைக்கு: மருத்துவமனைத் தொற்று யார் வழியாக நகர்கிறது?

ஒரு வார்டில் ஒரே வாரத்தில் மூன்று நோயாளிகளுக்கு ஒரே கிருமி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூவரின் கல்ச்சர் ரிப்போர்ட்டிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை முடிவு) எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும், எது கேட்காது என்ற பட்டியல் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் அவர்கள் படுத்திருப்பது 3, 11, 17 ஆகிய படுக்கைகளில். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு எதுவும் இல்லை. மூவரையும் கவனித்துக்கொண்ட ஸ்டாஃப் நர்ஸ்களும் வெவ்வேறு ஆட்கள். வார்டின் அறிவிப்புப் பலகையிலோ 'கைச்சுத்தம் 80%' என்று, அதாவது கை சுத்தம் செய்ய வேண்டிய தடவைகளில் 80% செய்தார்கள் என்று, எழுதியிருக்கிறது.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் 'சுத்தம் போதவில்லை' என்று ஒரே காரணம் சொல்லப்படும். அது பொய்யில்லை. ஆனால் ஏன் 3, 11, 17 என்பதற்கு அதில் பதில் கிடையாது. பதில் ஊழியர்களின் நடமாட்டத்தில் இருக்கிறது. யார் எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்கு, எந்த வரிசையில் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சராசரிச் சதவீதம் மறைத்துவிடுவதும் இதைத்தான்.

முதலில் சில அடிப்படைகள்

கிருமி உடம்பில் இருப்பதும் அதனால் நோய் வருவதும் வேறு வேறு. தோலிலும் மூக்கிலும் குடலிலும் கிருமி குடியேறியிருந்தும் காய்ச்சலோ சீழோ எதுவும் இல்லாமல் பலர் இருப்பார்கள். இவர்களைக் கிருமி தாங்கிகள் என்போம். மருத்துவமனையில் பரவல் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஏனென்றால் இவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

தொடர்பு என்றால் தொடுதல் மட்டுமல்ல. நோயாளியைத் தொடுவது, அவருடைய கட்டில் கம்பி, மானிட்டர், டிரிப்ஸ் ஸ்டாண்டு ஆகியவற்றைத் தொடுவது, அவருக்கு நேரெதிரே நெருங்கி நிற்பது எல்லாமே தொடர்புதான். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து எந்தத் தொடர்பு முக்கியம் என்பது மாறும்.

மூன்றாவது, தாவல். ஒரு ஊழியர் ஒரு நோயாளியை முடித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போகும் அந்த இடைவெளியை இந்தக் கட்டுரையில் தாவல் என்று குறிப்பிடுகிறேன். கை வழியாகக் கிருமி நகர ஐந்து நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற வேண்டும்:

1. முதல் நோயாளியின் தோலிலோ சுற்றியுள்ள பொருள்களிலோ கிருமி இருக்க வேண்டும்.
2. அது ஊழியரின் கைக்கு வர வேண்டும்.
3. கையில் சில நிமிடங்களாவது உயிரோடு இருக்க வேண்டும்.
4. கை கழுவாமல் போக வேண்டும், அல்லது அரைகுறையாகக் கழுவியிருக்க வேண்டும்.
5. அதே கை அடுத்த நோயாளியையோ அவர் உடம்போடு இணைந்த குழாயையோ தொட வேண்டும்.

மருத்துவமனையால் உடனடியாக மாற்ற முடிவது நான்காவதையும் ஐந்தாவதையும்தான். நான்காவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஐந்தாவதைப் பற்றி, அதாவது அந்தக் கை அடுத்து எங்கே போகிறது என்பதைப் பற்றி, பேச்சு குறைவு.

வியன்னா, 1847: ரவுண்ட்ஸ் தொடங்கிய படுக்கை

வியன்னா பொது மருத்துவமனையில் அன்று இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். பிரசவக் காய்ச்சலால் முதல் பிரிவில் இறந்தவர்கள் இரண்டாவதைவிடப் பல மடங்கு அதிகம். 1847 ஏப்ரலில் முதல் பிரிவின் மரண விகிதம் 18%-ஐத் தாண்டியது. பிணவறையில் உடற்கூறு ஆய்வு முடித்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம் என்று கண்ட இக்னாஸ் செம்மல்வைஸ், அந்த மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ உத்தரவிட்டார். ஜூனில் விகிதம் 2%-க்கு அருகே இறங்கியது.

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்ததுதான். அதே ஆண்டு அக்டோபரில் நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. ரவுண்ட்ஸ் எப்போதும் தொடங்கும் படுக்கையில் ஒரு பெண் சேர்க்கப்பட்டார். கர்ப்பப்பைப் புற்றுநோயால் அவருக்குச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் வார்டுக்குள் நுழையும்போது குளோரின் நீரில் கழுவினார்கள். ஆனால் இவரைப் பரிசோதித்த பிறகு சோப்பு மட்டும் போட்டுக் கழுவிவிட்டு அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போனார்கள். அப்போது பிரசவித்துக்கொண்டிருந்த 12 பெண்களில் 11 பேர் இறந்தார்கள். பிணவறைக்கும் வார்டுக்கும் இடையிலிருந்த தாவலை மட்டும் அடைத்தால் போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையிலான தாவலையும் அடைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் விதியானது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அதே நோயாளி வரிசையின் கடைசிப் படுக்கையில் இருந்திருந்தால், அதே மருத்துவர்கள் அதே அரைகுறைக் கழுவலோடு போயிருந்தாலும், அந்த ரவுண்ட்ஸில் அவருக்குப் பிறகு தொட ஆள் இருந்திருக்காது.

லியோன், 2010: சட்டையில் குத்திய சென்சார்

ஒரு வார்டில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துக் குறிப்பது கடினம். பிரான்சின் லியோன் நகரில் ஒரு முதியோர் வார்டில் 2010 டிசம்பரில் இதற்கு வேறு வழி பிடித்தார்கள். 46 ஊழியர்கள், 29 நோயாளிகள் என 75 பேரின் மார்பில் சிறிய ரேடியோ சென்சார் குத்தப்பட்டது. இரண்டு பேர் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் நேருக்கு நேர் நின்றால் 20 விநாடிக்கு ஒருமுறை அது பதிவாகும். நான்கு பகல், நான்கு இரவு ஓடிய இந்த ஆய்வில் 14,037 தொடர்புகள் பதிவாயின.

அதில் வெளிப்பட்ட மூன்று விஷயங்கள்:

1. நோயாளி சம்பந்தப்பட்ட தொடர்புகளில் 42% வெறும் ஆறு ஊழியர்களைச் சேர்ந்தவை. 46 பேரில் ஆறு பேர்.
2. மொத்தத் தொடர்புகளில் 38% ஊழியருக்கும் ஊழியருக்கும் இடையே நடந்தவை. நோயாளி அதில் இல்லவே இல்லை.
3. 94% பகலில் நடந்தவை. ஒரு நாளின் வடிவம் மறுநாளும் ஏறக்குறைய அப்படியே திரும்பியது.

மூன்றாவது விஷயம்தான் நிர்வாகத்துக்கு உண்மையில் பயன்படக்கூடியது. தொடர்புகள் தற்செயலாக நடப்பவை அல்ல. டியூட்டி பட்டியலும் வேலைப் பிரிவினையும் அவற்றைத் தினமும் ஒரே அச்சில் வார்க்கின்றன. பட்டியலை மாற்றினால் அச்சும் மாறும்.

சென்சாருக்கு ஒரு குறை உண்டு. நெருக்கத்தை அளக்கும், தொட்டாரா என்று சொல்லாது. நோயாளியின் தலைமாட்டில் பின்பக்கமாக நின்று சக்‌ஷன் போடும் நர்ஸை அது தவறவிடலாம். ஆகவே நெருக்கத்தின் பதிவு கிருமியின் பாதையோடு பொருந்துகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருந்தது. பிரான்சின் பெர்க்-சுர்-மேர் மருத்துவமனையில் 2009-இல் சென்சாரோடு சேர்த்து வாராவாரம் மாதிரிகளும் எடுத்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி தொடர்பு வலையை ஒட்டியே நகர்ந்தது. ஆன்டிபயாட்டிக்கை முறிக்கும் நொதி கொண்ட கிளெப்சியெல்லாவும் அப்படித்தான். அதே வகை நொதி கொண்ட ஈ.கோலையோ அந்த வலைக்குக் கட்டுப்படவில்லை. எல்லாக் கிருமிக்கும் ஒரே வரைபடம் கிடையாது என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டு வகை ஊழியர்கள்

தொடர்புக் கணக்கில் பதவியும் படிப்பும் முக்கியமல்ல. ஊழியர்கள் இரண்டே வகை.

ஒதுக்கப்பட்டவர்: நான்கைந்து படுக்கைகளை மட்டும் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் போன்றவர். தொடும் எண்ணிக்கை மிக அதிகம், தொடும் ஆட்கள் குறைவு.

சுற்றுபவர்: பிசியோதெரபிஸ்ட், போர்ட்டபிள் எக்ஸ்-ரே டெக்னீஷியன், காலையில் ரத்தம் எடுக்க வரும் லேப் டெக்னீஷியன், சிறப்பு மருத்துவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், தூய்மைப் பணியாளர். ஒவ்வொருவரையும் தொடுவது ஓரிரு முறைதான். ஆனால் எல்லோரையும் தொடுவார், பல சமயம் பல வார்டுகளிலும்.

எது ஆபத்து? 20 படுக்கை கொண்ட ஒரு ஐசியூவைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஐந்து நர்ஸ்கள், ஆளுக்கு நான்கு படுக்கை. ஒரு ஷிஃப்டில் ஒவ்வொரு நர்ஸும் 40 தாவல்கள் என்றால் மொத்தம் 200. ஒரே ஒரு பிசியோ வரிசையாக 20 படுக்கையும் பார்க்கிறார். அவருடையது 19 தாவல். ஆக மொத்தம் 219.

நிலைமை அ: எல்லோரும் 80% தாவல்களில் கை சுத்தம் செய்கிறார்கள். தவறியவை சுமார் 44.

நிலைமை ஆ: நர்ஸ்கள் 87.5% செய்கிறார்கள், தவறியவை 25. பிசியோ ஒருமுறைகூடச் செய்வதில்லை, தவறியவை 19. மொத்தம் அதே 44.

இரண்டிலும் அறிவிப்புப் பலகை 80% என்றே காட்டும். ஆனால் நிலைமை அ-வில் முதல் படுக்கையின் கிருமி பிசியோவின் கையோடு இரண்டாவது படுக்கைக்குப் போகும் வாய்ப்பு 20%, மூன்றாவதுக்கு 4%, நான்காவதுக்கு 1%-க்கும் கீழ். சங்கிலி தானாகவே அறுந்துவிடும். நிலைமை ஆ-வில் அதை அறுக்க எதுவும் இல்லை. கிருமி கையில் தாக்குப்பிடிக்கும் வரை எட்டாவது, பதினைந்தாவது படுக்கை என்று போய்க்கொண்டே இருக்கும். நர்ஸின் தவறுகள் அவருடைய நான்கு படுக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. ஐந்து தனித்தனித் தீவுகளாக இருந்த படுக்கைகளுக்கு நடுவே பாலம் போடுவது பிசியோவின் கை.

2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐசியூ ஒன்றைக் கணினி மாதிரியாக உருவாக்கி இதையே சோதித்தார்கள். ஒதுக்கப்பட்ட ஊழியர் ஒருவர் கை சுத்தம் செய்யாமல் போவதைவிட, சுற்றும் ஊழியர் ஒருவர் செய்யாமல் போனால் பரவல் மூன்று மடங்கு வரை கூடுதலாகியது. கைச்சுத்தப் பயிற்சி வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் நர்ஸ்களும் நர்ஸிங் மாணவிகளும்தான் இருப்பார்கள். தீவில் இருப்பவர்களுக்கே திரும்பத் திரும்பப் பாடம் நடத்துகிறோம், பாலத்தில் நடப்பவர்கள் வருவதேயில்லை.

கொசுவின் கணக்கு சிகாகோ ஐசியூவில்

மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், பின்னர் மலேரியாப் பரவலுக்குக் கணிதச் சமன்பாடுகளும் எழுதினார். அவற்றின் வழிவந்த மாதிரி ஒன்றை 1990-களின் இறுதியில் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை ஐசியூவுக்குப் பொருத்தினார்கள். அதில் கொசுவின் இடத்தில் ஊழியர், கடியின் இடத்தில் தொடுதல். கிருமி, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ்.

தடுப்பு எதுவுமே இல்லாவிட்டால் ஒரு கிருமி தாங்கியிடமிருந்து சராசரியாக மூன்று, நான்கு பேருக்குப் போகும் என்று கணக்கு காட்டியது. கைச்சுத்தமும், ஒரு நர்ஸ் தனக்குரிய நோயாளிகளைவிட்டு நகராத கோஹார்ட் முறையும் சேர்ந்து அதை 0.7 அளவுக்கு இறக்கியிருந்தன. ஒன்றுக்குக் கீழே போனால் பரவல் தானே அடங்கிவிட வேண்டும். ஆனால் அங்கே நோயாளிகளில் 36% பேரிடம் அந்தக் கிருமி இருந்தது. காரணம், புதிதாகச் சேரும் நோயாளிகளில் சிலர் கிருமியோடே வந்துகொண்டிருந்தார்கள். தடுப்பு இல்லாவிட்டால் இது 79% ஆகியிருக்கும் என்பது மாதிரியின் கணிப்பு. 'இவ்வளவு செய்தும் கிருமி போகவில்லையே' என்று தடுப்பு முறைகளைக் கைவிட நினைக்கும் நிர்வாகிகள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எந்தக் கிருமிக்கு எந்தத் தொடர்பு

1. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், எம்ஆர்எஸ்ஏ (ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்): கையும் பொருளும்தான் வழி. எவ்வளவு நேரம் நின்றார் என்பதைவிடத் தாவல்களின் எண்ணிக்கை முக்கியம். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கட்டில் கம்பியிலிருந்து அடுத்தவருக்குப் போகும்.
2. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குடல் கிருமி): இதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. இந்த நோயாளியைத் தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும் தேவை. தேய்த்துக் கழுவி வித்துகளைக் கையிலிருந்து அகற்றுவதுதான் இங்கே வேலை செய்கிறது.
3. இன்ஃப்ளுயன்சா, கொரோனா: நெருக்கமும் நேரமும். லியோன் ஆய்வில் ஊழியர்களுக்கு இடையே நடந்த அந்த 38% தொடர்பு இங்கேதான் ஆபத்தாகிறது. நோயாளிக்கு எதிரே முழுக் கவசத்தோடு நிற்பவர்கள், டீ குடிக்கும் சிறிய அறையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஐந்தாறு பேராக உட்காருகிறார்கள்.
4. தட்டம்மை, காசநோய்: காற்றுதான் வழி. நேருக்கு நேர் சந்திக்கவே தேவையில்லை. தட்டம்மை நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். இங்கே தொடர்பு வரைபடத்தைவிடக் காற்றோட்டம்தான் கணக்கு.
5. ஹெபடைட்டிஸ் பி: டயாலிசிஸ் அறையின் கவலை. ரத்தத் துளி காய்ந்த பிறகும் பரப்பில் குறைந்தது ஏழு நாள் வைரஸ் தொற்றும் திறனோடு இருக்கும். அதனால்தான் பாசிட்டிவ் நோயாளிக்குத் தனி மெஷின். ஆனால் மெஷினைப் பிரித்துவிட்டு, அதே ஷிஃப்டில் அதே டெக்னீஷியனைப் பாசிட்டிவ் நோயாளியையும் தடுப்பாற்றல் இல்லாத நோயாளியையும் பார்க்கவிட்டால் பிரித்ததில் பாதிப் பயன் போய்விடும்.

பலகையில் 80%, உண்மையில் எவ்வளவு?

கைச்சுத்தச் சதவீதம் மூன்று வகையில் ஏமாற்றும்.

முதலாவது, பார்க்கும்போது செய்வது. கனடாவில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சானிடைசர் பாட்டில் எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்பதை மின்னணு முறையில் எண்ணினார்கள். கணக்கெடுப்பவர் கண்ணில் படும் இடத்தில், படாத இடத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம்.

இரண்டாவது, வேலைச் சுமை. மணிக்கு 10 தடவைக்கு மேல் கை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் வேலையில், கூடுதலாக வரும் ஒவ்வொரு 10 தடவைக்கும் கைச்சுத்தச் சதவீதம் சுமார் 5% குறைகிறது என்று ஜெனீவாவில் கண்டார்கள். சோம்பலைக் குறை சொல்வதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 12 பேர் வேலை செய்யும் ஐசியூவில் ஒவ்வொரு முறையும் தவறாமல் சோப்பு போட்டுக் கழுவினால் ஒரு ஷிஃப்டுக்கு மொத்தம் 16 மணி நேர உழைப்பு கழுவுவதற்கே போகும் என்று 1997-இல் கணித்தார்கள். ஆல்கஹால் கரைசல் என்றால் 3 மணி நேரம். வாஷ்பேசின் வார்டின் கோடியில் இருந்தால் விதியை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. கரைசல் பாட்டில் ஒவ்வொரு கட்டிலிலும் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்க வேண்டும்.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை தொடர்பு வடிவத்தையே குலைப்பது. ஜெனீவாவில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு ஒன்றில் என்டரோபாக்டர் என்ற கிருமி பரவியபோது, 15 குழந்தைகளுக்கான இடத்தில் அதற்கு மேல் சேர்த்திருந்தார்கள், ஊழியர்களும் தேவையைவிடக் குறைவு. உச்சக்கட்டத்தில், குழந்தைக்குப் பொருத்திய கருவியைத் தொடும் முன் கை சுத்தம் செய்தது 25%. நெரிசல் தீர்ந்ததும் 70%. இங்கே இரண்டு தீமை ஒன்றாக நடக்கிறது. கழுவுவது குறைகிறது. அதோடு, ஆளில்லாததால் 'என் நான்கு படுக்கை' என்ற எல்லை உடைந்து, ஒதுக்கப்பட்டவரும் சுற்றுபவராகிவிடுகிறார்.

கணக்கில் வராத கைகள்

2015 மே மாதம் மெர்ஸ் என்ற சுவாச நோய் வைரஸ் தென் கொரியாவுக்குள் நுழைந்து 186 பேரைப் பாதித்தது. சியோலின் சாம்சங் மெடிக்கல் சென்டர் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குப் பரவியது. அதில் நோயாளிகள் 33 பேர், மருத்துவமனை ஊழியர்கள் 8 பேர், கூட வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் 41 பேர். சரிபாதி, ஊழியரும் அல்லாத நோயாளியும் அல்லாத ஆட்கள். நோயாளியைக் குடும்பத்தார் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். குடும்பத்தார் துணையின்றி நர்ஸ்களே முழுப் பராமரிப்பையும் ஏற்கும் திட்டத்தை அந்நாடு அதன் பிறகு வேகப்படுத்தியது.

லியோன் வார்டின் சென்சார் வரைபடத்தை நம்மூர் அரசு மருத்துவமனைக்கு அப்படியே கொண்டுவர முடியாததும் இதனால்தான். இங்கே அட்டெண்டர் பாஸோடு இருக்கும் உறவினர் யூரின் பையைக் காலி செய்கிறார், சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோகிறார், புரட்டிப் படுக்க வைக்கிறார், பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்கு யாருமில்லை என்றால் அவருக்கும் கஞ்சி ஊட்டுகிறார். வேலையில் பாதி நர்ஸுடையது. ஆனால் எந்தக் கைச்சுத்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் இல்லை. 'அட்டெண்டரைக் குறைப்போம்' என்று சொல்வது எளிது. அவர் செய்யும் வேலையைச் செய்ய ஆள் போடாமல் அதைச் சொன்னால், இருக்கும் நர்ஸின் தாவல்கள்தான் கூடும்.

என்ன மாற்றலாம்

1. *வரிசை.* கிருமி தாங்கி என்று உறுதியானவர்களை ரவுண்ட்ஸ், பிசியோ, எக்ஸ்-ரே, ரத்தம் எடுத்தல் எல்லாவற்றிலும் கடைசியில் வையுங்கள். செலவே இல்லாத மாற்றம் இது. அவசரம் வந்தால் வரிசை உடையும். அந்த ஒரு தாவலில் கண்டிப்பாகக் கை சுத்தம் என்று விதி வைத்துக்கொண்டால் போதும்.

2. *ரவுண்ட்ஸில் தொடுபவர் ஒருவர்.* போதனா மருத்துவமனையில் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பிஜிக்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சூழ்வார்கள். ஒவ்வொரு படுக்கையிலும் பரிசோதிப்பவர் ஒருவர், கேஸ் ஷீட்டில் எழுதுபவர் வேறொருவர். மற்றவர்கள் கட்டில் கம்பியில் சாயக்கூடாது. ஸ்டெத்தஸ்கோப்பில் நோயாளியின் உடலில் வைக்கும் வட்டப் பகுதி, பரிசோதனைக்குப் பிறகு விரல் நுனிக்கு அடுத்தபடியாக மாசுபடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதைத் துடைப்பதும் தாவலின் பகுதிதான்.

3. *போர்ட்டபிள் எக்ஸ்-ரே.* டிடெக்டர் பலகை ஒவ்வொரு நோயாளியின் முதுகுக்கு அடியிலும் நுழைந்து வருகிறது. வியர்வை, டிரஸ்ஸிங் கசிவு எல்லாம் அதில் படும். இருவராகப் போங்கள். ஒருவர் நோயாளியையும் பலகையையும் மட்டும் தொடுவார், மற்றவர் மெஷினையும் பட்டன்களையும் மட்டும். பலகைக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய பிளாஸ்டிக் உறை, உறையைக் கழற்றியதும் கிருமிநாசினித் துடைப்பு.

4. *ரத்தம் எடுக்கும் ரப்பர் பட்டை.* காலையில் லேப் டெக்னீஷியன் ஒரே பட்டையை வார்டு முழுக்க ஒவ்வொரு கையிலும் கட்டி அவிழ்க்கிறார். கையுறை மாற்றினாலும் பட்டை மாறுவதில்லை. ஐசியூவில் படுக்கைக்கு ஒன்று வைத்துவிடலாம், விலை அற்பம். பிபி கஃப்பும் அப்படியே.

5. *கையுறை.* கையுறை அணிந்தவரின் கையைத்தான் காப்பாற்றும். அதே ஜோடியோடு அடுத்த நோயாளியைத் தொட்டால் கழுவாத கையும் அதுவும் ஒன்றுதான். நோயாளிக்கு நோயாளி கழற்ற வேண்டும், கழற்றியதும் கையில் கரைசல் தேய்க்க வேண்டும். உள்ளங்கை நிறைய எடுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி உட்பட 20 முதல் 30 விநாடி. அதற்கு முன்பே காய்ந்துவிட்டால் எடுத்த அளவு போதவில்லை என்று பொருள்.

6. *இரவு ஷிஃப்ட்.* கோஹார்ட் முறை உடைவது பெரும்பாலும் இங்கேதான். பகலில் ஐந்து நர்ஸ், இரவில் இரண்டு என்றால் ஐந்து தீவுகள் இரண்டாகிவிடும். அப்போது கிருமி தாங்கிகள் அனைவரையும் ஒரே நர்ஸிடம் கொடுத்து, அவருடைய மீதி நோயாளிகளாக வென்ட்டிலேட்டரோ மையச் சிரைக் குழாயோ (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்) இல்லாதவர்களைச் சேருங்கள். குழாய் உள்ளவர்கள் மற்றவரிடம்.

7. *தடுப்பூசி முன்னுரிமை.* ஃப்ளூ தடுப்பூசி கொஞ்சமே இருக்கிறது என்றால் யாருக்கு முதலில்? அமெரிக்காவின் ஐயோவா ஆய்வாளர்கள் 2010-இல், மிக அதிகமாகச் சுற்றும், மிக அதிகம் பேரைச் சந்திக்கும் ஊழியர்களுக்கு முதலில் போடுவது கூடுதல் பலன் தரும் என்று காட்டினார்கள். பதவி மூப்பு வரிசையில் போடுவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஒப்பந்தப் பணியாளர் பட்டியலின் மேலே வரக்கூடும்.

8. *டீ அறை.* ஃப்ளூ பருவத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இடைவேளை நேரம் பிரிந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் ஹேண்டோவரை நெருக்கடியான அறையில் வைக்காமல் படுக்கையருகே இருவர் இருவராக முடிப்பது நல்லது.

9. *கணக்கெடுப்புப் படிவம்.* இப்போதைய படிவங்களில் 'வாய்ப்புகள் எத்தனை, செய்தது எத்தனை' என்ற இரண்டு கட்டங்கள்தான் பிரதானம். இன்னும் மூன்று சேருங்கள்: ஊழியர் ஒதுக்கப்பட்டவரா சுற்றுபவரா, எந்தப் படுக்கையிலிருந்து, எந்தப் படுக்கைக்கு. அரை மணி நேரம் உட்கார்ந்து குறித்தாலே தவறிய தாவல்கள் தீவுக்குள் நடந்தவையா, தீவைத் தாண்டியவையா என்று தெரிந்துவிடும். சுற்றுபவர்களின் சதவீதத்தை நர்ஸ்களோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள். பார்க்கும் நேரத்தில் காலை ஆறு மணியும் ஞாயிறு மாலையும் இரவும் இருக்கட்டும். படிவத்தில் ஊழியர் பெயர் வேண்டாம். பெயர் எழுதி மெமோ போகத் தொடங்கினால், அடுத்த மாதமே படிவத்தில் 95% வரும், கல்ச்சர் ரிப்போர்ட்டில் எதுவும் மாறியிருக்காது.